ஜாம்பி படங்களின் தொடக்கக் காட்சிகள் பயத்தை எப்படி உண்டாக்குகின்றன: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தொடக்கக் காட்சி என்று இங்கே எதைக் குறிப்பிடுகிறோம்?

படம் ஆரம்பித்ததிலிருந்து, முதல் தாக்குதல் முடிந்து, கதாபாத்திரம் தன் பழைய வாழ்க்கைக்குத் திரும்ப வழியில்லாத இடத்தில் வந்து நிற்கும்வரை உள்ள பகுதியைத்தான் தொடக்கக் காட்சி என்கிறோம். சில படங்களில் இது நான்கைந்து நிமிடங்களில் முடிந்துவிடும். வேறு சிலவற்றில் டைட்டில் வருவதற்கு முன்பே சுமார் பத்து நிமிடம் ஓடிவிடும்.

மற்ற திகில் படங்களைவிட ஜாம்பி படத்துக்குத் தொடக்கம் ஏன் அவ்வளவு முக்கியம்?

பேய்ப் படத்தில் பேய் யார், அதற்கு என்ன பழி என்பதைக் கடைசிவரை மறைத்து வைக்கலாம். அந்த மர்மமே பார்வையாளரை உட்கார வைத்துவிடும். ஜாம்பி படத்தில் மறைக்க எதுவுமில்லை. செத்தவர்கள் எழுந்து வருவார்கள், கடிப்பார்கள், கடிபட்டவர்களும் அப்படியே ஆவார்கள் என்பது டிக்கெட் வாங்கும்போதே எல்லாருக்கும் தெரியும். முன்கூட்டியே தெரிந்த ஒன்றைக் கொண்டு பயமுறுத்த வேண்டியிருப்பதால், நல்ல இயக்குநர்கள் ஜாம்பியைக் காட்ட அவசரப்படுவதில்லை. நமக்குத் தெரிந்தது கதாபாத்திரத்துக்கு இன்னும் தெரியவில்லை என்ற இடைவெளியை முடிந்தவரை நீட்டுகிறார்கள். அந்த இடைவெளிக்குள், நாம் அன்றாடம் யோசிக்காமல் நம்பும் ஏதோ ஒன்று, ஒரு கதவோ, செய்தி வாசிப்பவரின் குரலோ, பக்கத்து வீட்டுக் குழந்தையோ, நம்பிக்கைக்கு உரியதாக இல்லாமல் போய்விடுகிறது. தொடக்கக் காட்சியின் முதன்மையான வேலை இதுதான் என்பது என் உறுதியான எண்ணம். ரத்தம் அதற்குப் பிறகு வந்தால் போதும்.

1968-இல் வந்த 'நைட் ஆஃப் தி லிவிங் டெட்' படத்தின் கல்லறைக் காட்சியை எல்லாரும் முன்மாதிரியாகச் சொல்வது ஏன்?

ஜார்ஜ் ஏ. ரொமெரோ இந்தப் படத்தைப் பென்சில்வேனியாவில், சுமார் 1,14,000 டாலர் செலவில், கறுப்பு வெள்ளையில் எடுத்தார். ஆள் நடமாட்டமில்லாத நாட்டுப்புறச் சாலையில் ஒரு கார் வளைந்து வளைந்து வந்து கல்லறைத் தோட்டத்துக்குள் நுழைகிறது. தந்தையின் கல்லறையில் மலர் வளையம் வைப்பதற்காக பார்பராவும் அவளுடன் பிறந்த ஜானியும் வந்திருக்கிறார்கள். ஜானிக்கு இவ்வளவு தொலைவு வண்டி ஓட்டி வந்ததில் சலிப்பு. அதுவரை சத்தமில்லாமல் கிடந்த கார் வானொலி திடீரென்று உயிர்பெற்று, தொழில்நுட்பக் கோளாறால் ஒலிபரப்பு தடைப்பட்டிருந்ததாகச் சொல்கிறது. கோளாறு நம் வானொலியில் இல்லை, நிலையத்தில்தான் என்று ஜானி சொல்லிவிட்டு அதை அத்துடன் மறந்துவிடுகிறான். நாடே நிலைகுலையத் தொடங்கிவிட்டது என்ற செய்தி ஒரு சாதாரண முணுமுணுப்பாக நம்மைக் கடந்து போய்விடுகிறது.

அடுத்து வருவதைக் கூர்ந்து பார்க்க வேண்டும். இருவரும் கல்லறையருகே பேசிக்கொண்டிருக்கும்போது, வெகுதூரத்தில், சட்டகத்தின் (திரையில் தெரியும் காட்சிப் பரப்பின்) பின்புறத்தில், ஒரு மனிதன் தள்ளாடி நடந்து வருகிறான். கேமரா அவன் பக்கம் திரும்புவதில்லை. இசை அவன் வருகையை அறிவிப்பதில்லை. படத்தொகுப்பு அவனுக்கென்று தனியாக ஒரு ஷாட் ஒதுக்கவில்லை. கல்லறைக்கு வந்த இன்னொருவர் என்றுதான் முதல்முறை பார்ப்பவர் நினைப்பார். சிறுவயதில் இதே இடத்தில் பார்பராவைப் பயமுறுத்தியது ஜானிக்கு நினைவு வருகிறது; குரலை மாற்றிக்கொண்டு, உன்னைப் பிடிக்க வருகிறார்கள் என்று சீண்டுகிறான்; அதோ ஒருவர் வந்துவிட்டார் என்று அந்த மனிதனையே சுட்டிக்காட்டிவிட்டு ஓடுகிறான். பார்பராவுக்கு வெட்கமாகிவிடுகிறது. மரியாதைக் குறைவாக நடந்துகொண்டதற்காக மன்னிப்புக் கேட்கும் எண்ணத்துடன் அவள் அந்த மனிதனை நெருங்க, அவன் அவளைப் பிடித்துக்கொள்கிறான்.

பயத்தின் வேர் இந்த இடத்தில்தான் இருக்கிறது. இருட்டு இல்லை, பொழுது இன்னும் சாயவில்லை; அவள் எந்தத் தடையையும் மீறவில்லை; வளர்ந்த வீட்டில் கற்றுக்கொடுத்த பண்பே அவளை ஆபத்தின் கைக்குள் கொண்டுபோய் விடுகிறது. ஜானி காப்பாற்ற ஓடிவந்து, மல்லுக்கட்டில் கல்லறைக் கல்லில் தலை மோதி விழுகிறான். அதுவரை அசையாமல் நிதானமாக நின்ற கேமரா அந்தக் கணத்திலிருந்து சாய்ந்த கோணங்களுக்கு மாறுகிறது. பார்பரா காருக்குள் ஒளிந்துகொள்கிறாள், ஆனால் சாவி ஜானியிடம் இருக்கிறது. துரத்தி வந்தவன் கல்லை எடுத்துக் கண்ணாடியை உடைக்கிறான். அவள் கைபிரேக்கை விடுவித்து, இன்ஜின் ஓடாத காரைச் சரிவில் உருளவிட்டுத்தான் தப்ப முடிகிறது. இத்தனையும் ஏன் நடக்கிறது என்று படம் இதுவரை ஒரு வார்த்தைகூட விளக்கவில்லை.

அதற்கு முந்தைய ஜாம்பி படங்கள் எப்படித் தொடங்கின?

1932-இல் வந்த 'ஒயிட் ஸோம்பி' ஹைட்டியில் நடக்கும் கதை. இரவில் குதிரை வண்டியில் வரும் ஒரு ஜோடி, நடுச்சாலையில் பிணம் புதைக்கப்படுவதைப் பார்க்கிறது. பிணத்தைத் திருடுகிறவர்களுக்குப் பயந்து, ஆள் புழக்கமுள்ள இடத்தில் புதைக்கிறார்கள் என்று வண்டிக்காரர் விளக்குகிறார். பிறகு மலைச்சரிவில் இறங்கி வரும் உருவங்களைப் பார்த்ததும் அவர் வண்டியை விரட்டுகிறார். அந்தக் காலத்துப் படங்களில் அச்சம் ஓர் அந்நிய நாட்டிலும் ஒரு மந்திரவாதியிடத்திலும் இருந்தது. அமெரிக்கப் பார்வையாளர் வீடு திரும்பியதும் அதை விட்டுவிட்டு வந்துவிடலாம். செத்தவர்களை மந்திரத்தால் எழுப்பலாம் என்ற ஹைட்டி மக்களின் நம்பிக்கையை வெறும் பூச்சாண்டியாக்கிய குறையும் அந்தப் படங்களுக்கு உண்டு. ரொமெரோ மந்திரவாதியை நீக்கிவிட்டுப் பயத்தைப் பார்வையாளரின் சொந்த ஊருக்கே கொண்டுவந்தார்.

இந்தப் படங்களின் தொடக்கத்தில் வானொலியோ தொலைக்காட்சியோ ஏன் தவறாமல் ஓடிக்கொண்டிருக்கிறது?

பேரழிவைக் குறைந்த செலவில் காட்ட அது நல்ல வழி என்பது உண்மைதான். ஆனால், திறமையான இயக்குநர் கையில் செய்தி என்பது தகவல் தரும் கருவியாக இருப்பதைவிட, தகவல் எப்படித் தவறிப்போகிறது என்பதைக் காட்டும் கருவியாகவே அதிகம் பயன்படுகிறது.

ரொமெரோவின் 1978-ஆம் ஆண்டுப் படமான 'டான் ஆஃப் தி டெட்' ஒரு தொலைக்காட்சி நிலையத்துக்குள்ளேயே தொடங்குகிறது. சிவப்புச் சுவரில் சாய்ந்து தூங்கும் நிலைய ஊழியர் ஃபிரான் கெட்ட கனவிலிருந்து திடுக்கிட்டு விழிக்கிறாள். விழித்த பிறகு சுற்றிலும் இருப்பது கனவைவிட மோசமாக இருக்கிறது. நேரலையில் நெறியாளரும் நிபுணரும் கத்திக்கொள்கிறார்கள். ஊழியர்கள் வேலையை விட்டு வெளியேறிக்கொண்டிருக்கிறார்கள். மீட்பு முகாம்களின் பட்டியல் திரையில் ஓடிக்கொண்டிருக்கிறது, ஆனால் அவற்றில் பல ஏற்கெனவே செயலிழந்துவிட்டவை; பட்டியலை எடுத்துவிட்டால் மக்கள் வேறு சேனலுக்குப் போய்விடுவார்கள் என்று நிலையத்தில் வாக்குவாதம் நடக்கிறது. அங்கே ஒரு பிணம்கூட எழுந்து நடக்கவில்லை. இருந்தும், பொய்யென்று தெரிந்த முகவரிகளுக்கு மக்கள் குடும்பத்தோடு புறப்பட்டுப் போய்க்கொண்டிருப்பார்கள் என்ற எண்ணம் எந்த ஒப்பனையாலும் உண்டாக்க முடியாத நடுக்கத்தைத் தருகிறது.

2004-இல் ஸாக் ஸ்னைடர் அதே கதையை மறுபடி எடுத்தபோது தொடக்கத்தில் என்ன மாற்றினார்?

ஏறக்குறைய எல்லாவற்றையும் மாற்றினார். அந்தப் படத்தின் பிற்பகுதி எனக்கு அவ்வளவு நிறைவு தரவில்லை என்றாலும், முதல் பத்து நிமிடத்தை ஜாம்பி சினிமாவின் ஆகச்சிறந்த தொடக்கங்களுள் ஒன்றாகவே மதிக்கிறேன்.

ஆனா என்ற செவிலியர் நீண்ட பணி முடிந்து வீட்டுக்குக் கிளம்புகிறார். கடிபட்டு வந்த ஒரு நோயாளியைப் பற்றிய பேச்சு மருத்துவமனையில் போகிறபோக்கில் வருகிறது. வேலைக் களைப்பில் அது அவருக்குப் பெரிதாகத் தோன்றுவதில்லை. புறநகர்த் தெருவில், சக்கரக் காலணி அணிந்து விளையாடும் பக்கத்து வீட்டுச் சிறுமி விவியனிடம் இரண்டு வார்த்தை பேசுகிறார். இரவில் அவரும் கணவர் லூயிஸும் குளியலறையில் இருக்கும்போது, படுக்கையறைத் தொலைக்காட்சியில் சிறப்புச் செய்தி ஒளிபரப்பாகிறது. பார்க்க அங்கே யாருமில்லை. அபாய அறிகுறிகள் வந்துகொண்டே இருக்கின்றன, களைப்பும் மகிழ்ச்சியும் அவற்றை மறைத்துக்கொண்டே இருக்கின்றன.

விடியற்காலையில் படுக்கையறைக் கதவருகே விவியன் நிற்கிறாள். குழந்தைக்கு அடிபட்டிருக்கிறது என்று எண்ணி லூயிஸ் பதறி எழுகிறார். அவள் அவர் கழுத்தைக் கடிக்கிறாள். ஆனா அவளை வெளியே தள்ளிக் கதவைச் சாத்துகிறார். தரையில் விழுந்த சிறுமி துள்ளி எழும் வேகத்தில், இந்தப் படத்தின் ஜாம்பிகள் தள்ளாடி நடப்பவர்கள் அல்ல என்பது ஒரே நொடியில் நமக்கு விளங்கிவிடுகிறது. அவசர உதவி எண்ணுக்கு இணைப்பு கிடைக்கவில்லை. சற்றுமுன் உயிர்விட்ட கணவர் எழுந்து மனைவியைத் துரத்துகிறார். குளியலறைச் சன்னல் வழியாக வெளியே விழும் ஆனா, தன் தெருவே எரிந்துகொண்டிருப்பதைப் பார்க்கிறார். துப்பாக்கியுடன் அவரை மிரட்டும் பக்கத்து வீட்டுக்காரரை ஓர் ஆம்புலன்ஸ் மோதித் தள்ளிவிட்டு நிற்காமல் போகிறது.

படுக்கையறை என்ற மிகச் சிறிய இடத்தில் தொடங்கி, தெரு, சாலை, கடைசியில் வானிலிருந்து தெரியும் முழுப் புறநகர் என்று சட்டகம் படிப்படியாக விரிவதைக் கவனியுங்கள். ஒரு வீட்டில் நடந்தது எல்லா வீட்டிலும் நடந்திருக்கிறது என்பதை வசனமே இல்லாமல், சட்டகத்தின் அளவை வைத்தே இயக்குநர் சொல்லிவிடுகிறார்.

'28 டேஸ் லேட்டர்' படத்தில் எதுவுமே நடக்காத லண்டன் காட்சி ஏன் இவ்வளவு பயமுறுத்துகிறது?

டேனி பாயில் இயக்கி 2002-இல் வெளிவந்த இந்தப் படத்துக்கு இரண்டு தொடக்கங்கள் உண்டு. முதலாவதில், ஆய்வகத்தில் கூண்டிலிருக்கும் சிம்பன்சிகளை விடுவிக்க வரும் விலங்குரிமை ஆர்வலர்கள், எச்சரிக்கையைப் பொருட்படுத்தாமல் கூண்டைத் திறக்கிறார்கள். அங்கே எல்லாம் சில நொடிகளில் வெடித்து முடிகிறது. பிறகு நான்கு வாரம் தாண்டி, கோமாவிலிருந்த ஜிம் வெறிச்சோடிய மருத்துவமனையில் கண்விழிக்கிறான்.

அவன் வெஸ்ட்மின்ஸ்டர் பாலத்தைக் கடந்து நடக்கிறான், ஹலோ என்று கத்துகிறான், தரையில் சிதறிக்கிடக்கும் பணத்தாள்களைப் பொறுக்கிப் பையில் திணிக்கிறான். பணத்துக்கு இனி மதிப்பில்லை என்று நமக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது. அவன்மேல் நமக்குப் பரிவும் பயமும் ஒன்றாகப் பிறப்பது அந்தச் சின்னச் செயலால்தான். காணாமல்போனவர்களின் படங்களும் குறிப்புகளும் ஒட்டப்பட்ட இடத்துக்கு வந்த பிறகே அவன் முகம் மாறுகிறது. காட்டின் நடுவே தனிமை நமக்கு இயல்பாகத் தெரியும். எப்போதும் கூட்டம் நெரியும் பாலத்தில் ஒருவன் மட்டும் நிற்கும்போது, இத்தனை பேரும் எங்கே போனார்கள் என்ற கேள்வியை மனம் தானாகவே கேட்டுக்கொண்டு, விடையையும் தானாகவே கற்பனை செய்துகொள்கிறது.

இதை எடுத்த விதமும் சொல்லத் தகுந்தது. அதிகாலையில், போக்குவரத்தைச் சில நிமிடங்கள் மட்டுமே நிறுத்தி வைத்து, கேனன் எக்ஸ்எல்1 என்ற சிறிய டிஜிட்டல் கேமராக்களைப் பல இடங்களில் வைத்துப் படமாக்கினார்கள். அந்தக் கேமராவின் கரடுமுரடான பிம்பம் யாரோ அந்த நேரத்தில் கையில் கிடைத்த கருவியில் பதிவு செய்த ஆவணம்போல் தோன்றுவதால், காட்சி நம்மை இன்னும் நெருங்கிவிடுகிறது. 'காட்ஸ்பீட் யூ! பிளாக் எம்பரர்' குழுவின் இசை மெல்லத் தொடங்கி ஏறிக்கொண்டே போகிறது. எந்தத் தாக்குதலும் இல்லாத காட்சிக்கு உச்சத்தைக் கொடுப்பது அந்த ஏற்றம்தான்.

ஒளியையும் ஒலியையும் வைத்தே பயம் உண்டாக்கிய தொடக்கத்துக்கு வேறு எடுத்துக்காட்டு உண்டா?

'28 டேஸ் லேட்டர்' படத்தின் தொடர்ச்சியாக 2007-இல் வந்த '28 வீக்ஸ் லேட்டர்' படத்தைச் சொல்வேன். சன்னல்கள் அடைக்கப்பட்ட கிராமத்து வீட்டில், மெழுகுவத்தி வெளிச்சத்தில் சிலர் உணவுக்குத் தயாராகிறார்கள். ராத்திரி நேரம் என்றே நாம் எண்ணுகிறோம். கதவு தட்டப்படுகிறது, வெளியே ஒரு சிறுவன் கெஞ்சுகிறான். கதவைத் திறந்ததும் கண்கூசும் பகல் வெளிச்சம் உள்ளே பாய்கிறது. அந்த ஒரு கணத்தில், இவர்கள் பகலையே இரவாக்கிக்கொண்டு எத்தனை நாள் இப்படி வாழ்ந்திருக்க வேண்டும் என்பது நமக்குப் புரிந்துவிடுகிறது.

சிறுவனைத் தேடித் துரத்தி வந்தவர்கள் வீட்டை உடைத்து நுழைகிறார்கள். அங்கே ஒளிந்திருந்தவர்களில் ஒருவரான டான், தன் மனைவியையும் சிறுவனையும் காப்பாற்ற வாய்ப்பிருந்தும், கதவைச் சாத்திவிட்டுத் தப்பி ஓடுகிறார். மேல்மாடிச் சன்னலில் மனைவி நிற்பதைத் திரும்பிப் பார்த்துவிட்டும் ஓடுகிறார். மெல்லத் தொடங்கிய ஜான் மர்ஃபியின் கிட்டார் இசை அவர் வயல்வெளியில் ஓட ஓட உரத்து எழுகிறது. அவர் செய்ததைக் குற்றம் என்று சொல்ல நாம் வாயெடுக்கும் முன்பே, நாமாக இருந்தால் என்ன செய்திருப்போம் என்ற கேள்வி முந்திக்கொண்டு வருகிறது.

முதலில் தாக்குவது குழந்தையாகவோ விலங்காகவோ இருப்பது ஏன்?

காப்பாற்ற வேண்டியவர் என்று நாம் யாரைக் கருதுகிறோமோ, அவரிடமிருந்தே ஆபத்து வந்தால் கை உடனே எழாது. அந்தத் தயக்கம்தான் திரைக்கதைக்கு வேண்டும். 2010-இல் தொடங்கிய 'தி வாக்கிங் டெட்' தொலைக்காட்சித் தொடரின் முதல் காட்சியில், கைவிடப்பட்ட பெட்ரோல் நிலையத்தில் ஒரு சிறுமி குனிந்து பொம்மையை எடுக்கிறாள். திரும்பும்போதுதான் சிதைந்த முகம் தெரிகிறது.

விலங்கின் பயன் வேறு. யோன் சாங்-ஹோ இயக்கிய தென்கொரியப் படமான 'ட்ரெயின் டு பூசன்' (2016) ஒரு சோதனைச் சாவடியில் தொடங்குகிறது. வெள்ளைப் பாதுகாப்பு உடை அணிந்தவர்கள் ஒருவரின் வண்டியை நிறுத்தி மருந்து தெளிக்கிறார்கள். உயிரித் தொழில்நுட்ப வளாகத்தில் சிறு கசிவு, வேறொன்றுமில்லை என்கிறார்கள். கால்நடை நோய் என்று சொல்லி முன்பு தன் பன்றிகளைப் புதைத்ததை மறக்காத அந்த மனிதர் சலித்துக்கொண்டே புறப்படுகிறார். கைப்பேசியைத் துழாவும் நேரத்தில் ஒரு மான் குறுக்கே வந்து அடிபடுகிறது. அவர் அலுத்துக்கொண்டு போய்விடுகிறார். ஆளில்லாத சாலையில் கிடக்கும் மான் உடல் முறுக்கி, வெட்டி வெட்டி, எழுந்து நிற்கிறது. அதன் கண்கள் வெளிறியிருக்கின்றன. அதைப் பார்த்த சாட்சி கதைக்குள் ஒருவருமில்லை, நாம் மட்டும்தான். அடுத்து வரும் அலுவலகக் காட்சிகளையும் அப்பா மகள் பேச்சையும் நாம் அமைதியாகப் பார்க்க முடியாமல் போவதற்கு அந்த ரகசியமே காரணம்.

கனவு என்று சொல்லிப் பயமுறுத்துவது ஏமாற்று அல்லவா?

பெரும்பாலும் ஏமாற்றுதான். விதிவிலக்காக 1985-ஆம் ஆண்டின் 'டே ஆஃப் தி டெட்' படத்தைக் குறிப்பிடலாம். வெற்று வெள்ளை அறையில் சாரா சுவரிலுள்ள நாட்காட்டியை நெருங்கித் தொட, சுவரைப் பிளந்துகொண்டு கைகள் பாய்கின்றன. விழித்தெழுந்தால் ஹெலிகாப்டரில் இருக்கிறாள். கீழே ஃபுளோரிடா நகரம் ஒன்றில் ஒலிபெருக்கியில் யாராவது இருக்கிறீர்களா என்று கூப்பிடுகிறார்கள். அந்தக் குரலுக்குப் பதிலாக வருவது செத்தவர்களின் முனகல். கனவை ஒரு நொடியில் முடித்துவிட்டு நனவு அதைவிடக் கொடிது என்று உடனே மெய்ப்பிப்பதால் அந்த உத்தி இங்கே செல்லுபடியாகிறது.

நகைச்சுவை ஜாம்பி படங்களுக்கும் இது பொருந்துமா?

பொருந்தும். எட்கர் ரைட்டின் 'ஷான் ஆஃப் தி டெட்' (2004) டைட்டில் ஓடும்போதே, பேருந்துக்குக் காத்திருப்பவர்களும் கடை ஊழியர்களும் ஒரே தாளத்தில், வெறித்த பார்வையுடன் அசைவதைக் காட்டுகிறது. பேரழிவு வந்த பிறகும் நாயகன் அதைக் கவனிக்காமல் கடைக்குப் போய்வருவது நம்பும்படியாக இருப்பதற்கு அந்த டைட்டிலே அடித்தளம்.

தமிழில் இத்தகைய தொடக்கம் உண்டா?

சக்தி சௌந்தர் ராஜன் இயக்கி, ஜெயம் ரவி நடித்து 2016-இல் வெளிவந்த 'மிருதன்' ஊட்டியைக் களமாகக் கொண்டது. வேதித் திரவம் கசிவதும் அதனால் ஒரு நாய்க்குத் தொற்று ஏற்படுவதுமாக அது தொடங்குகிறது. தெருநாய்க்கடி எந்த ஊரிலும் உள்ள உண்மையான அச்சம் என்பதால், நோய் பரவும் வழியாக நாயைத் தேர்ந்தெடுத்தது நல்ல தீர்மானம் என்பேன்.

தொடக்கம் எப்போது தோற்றுப்போகிறது?

காரணத்தை முதலிலேயே விளக்கும்போதுதான் அதிகம் தோற்கிறது. வைரஸின் பெயர், ஆய்வகத்தின் பெயர், பரவும் வேகம் எல்லாவற்றையும் முதல் ஐந்து நிமிடத்தில் அடுக்கிவிட்டால் பார்வையாளர் மனத்தில் ஒரு கோப்பு திறந்துகொள்ளும், பயம் வராது. அடுத்த பிழை, யாரென்றே தெரியாத ஒருவரை முதல் காட்சியில் கொன்றுவிடுவது. ஜானி சில நிமிடங்களே நம்முடன் இருந்தான். ஆனால், அந்தச் சில நிமிடங்களில் அவன் சலிப்பு, குறும்பு, உடன்பிறந்தவள் மீதான உரிமை எல்லாம் நமக்குப் பழகிவிட்டன. ஓயாத செய்தித் துணுக்குகளை டைட்டிலில் ஓட்டுவதும் இப்போது தேய்ந்துபோன வழக்கமாகிவிட்டது.

படமெடுக்கப் பயில்பவர் எதை முதலில் பார்க்கலாம்?

1968-ஆம் ஆண்டுப் படத்திலிருந்து தொடங்குவது எளிது. வெளியீட்டின்போது படத்தின் பெயரை மாற்றிய சமயத்தில் பதிப்புரிமைக் குறிப்பு விடுபட்டுப்போனதால், அது அமெரிக்காவில் யாருக்கும் உரிமையில்லாத பொதுச்சொத்தாகி இணையத்தில் தாராளமாகக் கிடைக்கிறது. முதல்முறை முழுதாகப் பாருங்கள். இரண்டாம் முறை ஒலியை நிறுத்திவிட்டு, பின்புறத்தில் வரும் மனிதன் எந்த ஷாட்டில் முதலில் தென்படுகிறான், எத்தனை ஷாட்டுகளுக்குப் பிறகு கதாபாத்திரங்கள் அவனைப் பேச்சில் குறிப்பிடுகிறார்கள் என்று எழுதி வையுங்கள். பிறகு 2004-ஆம் ஆண்டு 'டான் ஆஃப் தி டெட்' படத்தின் முதல் பத்து நிமிடத்துக்கும் அதே முறையில் குறிப்பெடுத்து, கடிபட்ட நோயாளியைப் பற்றிய முதல் பேச்சிலிருந்து விவியன் கதவருகே வந்து நிற்கும்வரை ஆனா தவறவிடும் எச்சரிக்கைகளை ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டால், இரண்டு இயக்குநர்களும் இடைவெளியை எங்கெங்கே நீட்டினார்கள், எங்கே அறுத்தார்கள் என்பது தாளிலேயே தெரிந்துவிடும்.